யாரும் விதைக்காத கீரை

புதுச்சேரியில் எனக்கு ஒரு நண்பர். வங்கி வேலை. கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் பிரஷர். மூலிகைப் புத்தகமாக வாங்கிப் படித்துக்கொண்டிருந்தவருக்கு ஒரு கட்டத்தில் அலுத்துவிட்டது. 'படத்தைப் பார்த்து எத்தனை நாளைக்குத்தான் இலை கற்றுக்கொள்வது?' என்று நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கிராமத்துப் பக்கம் கிளம்பிவிடுகிறார். தொட்டுப் பார்க்கிறார்கள், கசக்கி முகர்ந்து பார்க்கிறார்கள், தெரிந்தவர் சரி என்று சொன்னால் பறித்துக்கொண்டு வந்து சமைக்கிறார்கள்.

அப்படி ஒரு ஞாயிறு கரிக்கலாம்பாக்கம் போயிருக்கிறார்கள். வில்லியனூருக்கும் பாகூருக்கும் நடுவில் இருக்கிற ஊர். நெல்லும் கரும்பும் விளைகிற பூமி. ஈர வரப்பு முழுக்கக் கரிசலாங்கண்ணி தளதளவென்று நிற்கிறது. ஆசை ஆசையாகப் பறித்துப் பையில் போட்டுக்கொண்டிருக்கும்போது கழனிக்காரர் வந்துவிட்டார்.

"யாரைக் கேட்டு சார் பறிக்கிறீங்க?"

"தானா மொளைச்சதுதானே சார்? நீங்க விதைச்சீங்களா இதை?"

"நான் விதைக்கல. ஆனா நெலம் என்னுது இல்ல?"

நண்பர் விடவில்லை. "ஊர்ப் பொம்பளைங்க பறிச்சா மட்டும் விடுறீங்களே?"

"அவங்க ஒரு வேளைக் கொழம்புக்குப் பறிப்பாங்க சார். நீங்க கார்ல வந்து பை பையா ரொப்பிக்கினு போறீங்க!"

அவ்வளவுதான் சண்டை. இரண்டு நிமிடம்கூட இருக்காது. நண்பர் போனில் இதைச் சொல்லிவிட்டு, "நீயே சொல்லுப்பா, யார் பக்கம் நியாயம்?" என்று கேட்டார். அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கேள்வி மட்டும் கூடவே வந்துகொண்டிருக்கிறது. யாரும் விதைக்காதது யாருக்குச் சொந்தம்?

இதை முந்நூறு வருடங்களுக்கு முன்னாலேயே ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். ஜான் லாக் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி. 1689இல் வெளிவந்த புத்தகத்தில் ஒரு உதாரணம் சொல்கிறார். காட்டில் ஓக் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் கொட்டைகளை ஒருவன் பொறுக்கித் தின்கிறான். அந்தக் கொட்டை எந்த நிமிடத்தில் அவனுக்குச் சொந்தமானது? ஜீரணமான பிறகா? தின்றபோதா? வேகவைத்தபோதா? வீட்டுக்குக் கொண்டுவந்தபோதா? அவர் சொன்ன பதில்: குனிந்து எடுத்தானே, அந்த நிமிடத்தில். அவனுடைய உழைப்பு அதில் கலந்துவிட்டது, அதனால் அவனுடையது.

நண்பர் கட்சி ஜெயித்துவிட்டது என்று நினைக்காதீர்கள். லாக் கூடவே ஒரு நிபந்தனை வைக்கிறார். எடுத்தது போக, அடுத்தவனுக்குப் போதுமான அளவு, அதே தரத்தில் மிச்சம் இருக்க வேண்டும். எடுத்தது அழுகி வீணாகவும் கூடாது. கரிக்கலாம்பாக்கத்துக் கழனிக்காரர் லாக்கைப் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் 'ஒரு வேளைக் குழம்புக்கு' என்று அவர் சொன்னதும் இதே நிபந்தனைதான். பொதுச் சொத்துக்கு வேலி கிடையாது. ஆனால் அளவு உண்டு.

அந்த அளவை நம் மொழியே வைத்திருக்கிறது. கவனித்துப் பாருங்கள், இலையை எடுப்பதற்குத் தமிழில் எத்தனை வினைச்சொல்! கிள்ளுவது வேறு, பறிப்பது வேறு, அறுப்பது வேறு, பிடுங்குவது வேறு. தூதுவளையைக் கிள்ளுவார்கள். முருங்கைக்கீரையை ஒடிப்பார்கள். அரைக்கீரையை அறுப்பார்கள், மறுபடி துளிர்க்கும். முளைக்கீரையைத்தான் வேரோடு பிடுங்குவார்கள். அது விதைத்தவரின் கீரை, மறுபடி விதைத்துக்கொள்வார். தானாக முளைத்ததை நகத்தால் நுனி கிள்ளுவதோடு சரி. பத்து நாள் கழித்து அதே செடி இன்னும் நாலு கிளையோடு நிற்கும், அடுத்து வருகிறவளுக்கு.

இப்படிப்பட்ட அருமையான சொல்லை நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம்? "என்னை என்ன கிள்ளுக்கீரைன்னு நெனைச்சியா?" என்று சண்டையில் கேட்கிறோம். சும்மா கிடைக்கிறதல்லவா, அதனால் மதிப்பில்லை! இதே கதிதான் 'புறம்போக்கு' என்ற சொல்லுக்கும். வரிக் கணக்குக்கு வெளியே இருந்த நிலம் அது. ஏரி, குளம், மேய்ச்சல் தரை, வண்டிப் பாதை, சுடுகாடு என்று ஊர் முழுவதற்கும் பொதுவாக இருந்தது. இன்றைக்கு அது ஒரு வசவு. பொதுவாக இருந்த இரண்டையும் திட்டுகிற வார்த்தையாக மாற்றிய சமூகம், பொதுவானவற்றை எப்படி நடத்தும் என்று ஊகிக்க ஜோசியம் வேண்டாம்.

லாக்கிடமும் இந்தக் கோளாறு உண்டு. கொட்டை பொறுக்கியவனுக்குக் கொட்டை சொந்தம் என்றவர், உழுது பயிர் செய்தவனுக்கே நிலம் சொந்தம் என்றும், உழாத நிலம் வீண் நிலம் என்றும் எழுதினார். அமெரிக்காவில் குடியேறிய ஆங்கிலேயர்களுக்கு அது நல்ல வசதியாகப் போனது. அந்த மண்ணின் மக்கள் காட்டில் பொறுக்கினாலும் வேட்டையாடினாலும், நிலம் அவர்களுடையது இல்லை என்று சொல்லிவிடலாம். பழம் உனக்கு, தோட்டம் எனக்கு! யாரும் விதைக்காத இடம் என்றால் யாருக்கும் உரிமையில்லாத இடம் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டதால் வந்த வினை அது.

* * *

கீரை பறிப்பதில் உரிமை மட்டுமா இருக்கிறது? வெட்கமும் இருக்கிறது.

பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையில் ஒரு காட்சி வருகிறது. பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். பாட்டுடைத் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். ஓய்மாநாடு என்பது இன்றைய திண்டிவனம், மரக்காணம் வட்டாரம். புதுச்சேரிக்குப் பக்கத்து மண்தான். பசியால் வாடும் கிணைப்பறைக்காரன் வீடு. சமையலறையில் குட்டி போட்ட நாய் ஒன்று பால் இல்லாமல் குரைத்துக் கிடக்கிறது. அந்த வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளிக்கொண்டு வருகிறாள். உப்பு வாங்க வழியில்லை. உப்பில்லாமல் வேகவைக்கிறாள். சாப்பிடும்முன் வாசல் கதவைச் சாத்திவிடுகிறாள். ஊரார் பார்த்தால் அவமானம். கதவுக்கு உள்ளே அந்தக் கொஞ்சக் கீரையைச் சுற்றம் முழுக்கச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறது.

இரண்டாயிரம் வருடத்துக்கு அருகில் பழைய காட்சி. வேளைக்கீரை அன்றைக்கும் பொதுவாகத்தான் முளைத்திருக்கிறது. கிள்ளக் கூடாது என்று அவளை யாரும் தடுக்கவில்லை. ஆனாலும் கதவைச் சாத்த வேண்டியிருந்தது.

அந்தக் கதவு இப்போதும் பல வீடுகளில் சாத்தியே இருக்கிறது. கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் "என்ன குழம்பு?" என்று கேட்டால், சாம்பார் என்று சொல்கிற பிள்ளை உண்டு. பண்ணைக்கீரைக் கடைசல், குப்பைக்கீரைப் பொரியல் என்று வாய் திறக்காது. விதைக்காமல் கிடைத்ததைத் தின்கிறோம் என்றால், விலை கொடுத்து வாங்க வக்கில்லை என்று அர்த்தமாகிவிடுகிறது.

இன்னொரு பக்கம், நகரத்தில் கதவு விரியத் திறந்துவிட்டது. மூலிகை நடை, கீரை நடை என்று காலை ஆறு மணிக்குத் தொப்பியும் வாட்டர் பாட்டிலுமாகக் கிளம்புகிறார்கள். ஆரோவில்லில் சூழலியலாளர் நீனா சென்குப்தா இப்படிப்பட்ட நடைகளைப் பல காலமாக நடத்தி வந்திருக்கிறார். காலடியில் மிதிபடும் களைகளில் எது எது சாப்பிடக்கூடியது என்று தொட்டுக் காட்டுவதோடு, அவற்றுக்கு வண்ணம் தீட்டும் புத்தகம் ஒன்றும் செய்திருக்கிறார். குழந்தைகள் வண்ணம் தீட்டும்போது இலையின் விளிம்பு, நரம்பு, பூவின் அமைப்பு எல்லாம் கையில் பதிந்துவிடும். நல்ல யோசனை. பக்கத்திலேயே பிச்சாண்டிக்குளம் காடு இருக்கிறது. வெட்டவெளியாகக் கிடந்த செம்மண் மேட்டில் 1970களில் ஜாஸ் புரூக்ஸ் ஆரம்பித்த வேலை. இந்தக் கடலோரத்துக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் மரம் செடி கொடிகளை மீட்டெடுத்து, மூலிகைகளையும் பாதுகாத்து வருகிறார்கள்.

இதையெல்லாம் மேல்தட்டு ஃபேஷன் என்று கிண்டல் செய்வது சுலபம். நான் செய்ய மாட்டேன். பணக்காரர் தட்டில் வந்த பிறகாவது குப்பைக்கீரைக்கு ஒரு மரியாதை வரட்டுமே. கேழ்வரகுக்கும் கம்புக்கும் அப்படித்தானே வந்தது? ஆனால் மரியாதை கீரைக்கு வந்தால் போதுமா? கதவைச் சாத்திக்கொண்டு அதைக் காப்பாற்றி வைத்திருந்தவளுக்கும் வர வேண்டாமா?

* * *

அவள் காப்பாற்றி வைத்திருந்தது கீரையை மட்டும் அல்ல, கீரையை அடையாளம் காணும் அறிவை. அது எங்கே இருக்கிறது தெரியுமா? விரல் நுனியில்.

கழனியில் களை எடுக்கிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். வரிசையாகக் குனிந்தபடி போவார்கள். கை பாட்டுக்குப் பிடுங்கிப் பிடுங்கி வரப்பில் எறியும். நடுவே சில மட்டும் மடிக்குப் போகும். பொன்னாங்கண்ணி, ஆரைக்கீரை, தொய்யக்கீரை. பயிர் எது, களை எது, களையில் குழம்புக்கு எது, மருந்துக்கு எது என்று அந்த விரல்கள் பேச்சை நிறுத்தாமலே பிரித்துவிடும். கூடவே போகிற சின்னப் பெண் தப்பான செடியைக் கிள்ளினால், "அது வாணாம்டி, போட்டுடு" என்று ஒரு வார்த்தை. அதுதான் பாடம், அதுதான் பரீட்சை.

கரிசலாங்கண்ணியா என்று சந்தேகம் வந்தால் உள்ளங்கையில் வைத்துக் கசக்கித் தேய்ப்பார்கள். சாறு கறுத்தால் அதுதான். கீழாநெல்லி என்றால் இணுக்கைத் திருப்பிப் பார்ப்பார்கள். இலை வரிசைக்குக் கீழே குட்டிக் குட்டி நெல்லிக்காயாகத் தொங்கும். அதிலும் ஒரே ஜாடையில் அக்கா தங்கைகள் மாதிரி நாலைந்து செடி உண்டு. நின்று பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். உட்கார்ந்து தொட்டால்தான் வித்தியாசம் தெரியும்.

இந்தக் கல்வியில் தப்புக்கு இடம் கிடையாது. செங்காந்தள் பூ தமிழ்நாட்டின் மாநில மலர். அழகு. மண்ணுக்கு அடியில் இருக்கும் அதன் கிழங்கு கொடிய விஷம். வள்ளிக்கிழங்கு என்று நினைத்து வேகவைத்துத் தின்று இறந்துபோனவர்களைப் பற்றி இலங்கை மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். வேர்க்கடலை ருசியாக இருக்கிறதே என்று காட்டாமணக்கு விதையைத் தின்றுவிட்டு வாந்தியும் பேதியுமாக ஆஸ்பத்திரிக்கு வருகிற குழந்தைகள் எந்த மாவட்டத்திலும் உண்டு. அதனால்தான் பழைய ஆட்கள் கேட்டவருக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கவில்லை. பக்கத்தில் நின்று கையைப் பார்த்த பிறகுதான் அடுத்த இலை. 'ரகசியம் காத்தார்கள், அதனால்தான் அழிந்தது' என்று நாம் குறை சொல்கிறோம். சில இடங்களில் அது உண்மையும்கூட. வாயைத் திறக்காமலே செத்துப்போன வைத்தியர்களோடு எத்தனையோ மருந்தும் போயிற்று. ஆனால் அந்த மௌனத்தில் பாதி, பொறுப்பு. தான் காட்டிய இலையால் ஒருவன் செத்தால் அந்தப் பழி தன்மேல்தான் என்கிற பயம்.

கீழாநெல்லிக்கே ஒரு கதை உண்டு. மஞ்சள் காமாலைக்கு அது மருந்து என்று காலம்காலமாக நம்பி வந்ததைச் சென்னைப் பல்கலைக்கழகத்து எஸ்.பி. தியாகராஜன் குழு ஆராய்ந்தது. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு வாங்கிய புளூம்பெர்க்கும் அதில் ஒருவர். 1988இல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்திருந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு பல இடங்களில் செய்த சோதனைகளில் அதே பலன் கிடைக்கவில்லை. எந்த மண்ணில் முளைத்த செடி, எந்தப் பருவத்தில் பறித்தது, நாலைந்து ஜாடைகளில் எது என்று கேள்வி மேல் கேள்வி. கண் மஞ்சளானால் முதலில் ரத்தப் பரிசோதனைக்குப் போவதுதான் புத்திசாலித்தனம். கரிக்கலாம்பாக்கத்திலேயே அரசு சமுதாய நலவழி மையம் இருக்கிறது. எல்லா மஞ்சளும் ஒரே காமாலை இல்லை என்பதும் இலை படித்தவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பாடம்தான்.

இந்த வட்டாரத்தில் கல்விக்குப் பஞ்சமே இருந்ததில்லை. கூப்பிடு தூரத்துப் பாகூரில் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே ஒரு வித்யாஸ்தானம் இருந்தது, அதாவது கல்லூரி. அதன் செலவுக்குப் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் மூன்று ஊர்களைக் கொடுத்ததைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. சாஸ்திரம் படித்தவருக்கு மூன்று ஊர் வருமானம். வரப்பில் குனிந்தபடி கற்றுக் கொடுத்தவளுக்கு எந்தச் செப்பேடும் இல்லை. அவளுடைய கூலி, மடியில் கட்டிக்கொண்டு போன கீரைதான்.

* * *

அந்தக் கூலியைப் பணமாகக் கொடுத்துப் பார்த்த ஒரு முயற்சி உண்டு. 1987இல் கேரளத்தின் அகத்தியமலைக் காட்டுக்கு விஞ்ஞானிகள் சிலர் போனார்கள். தலைமை, புஷ்பாங்கதன். வழிகாட்ட வந்தவர்கள் காணிப் பழங்குடி இளைஞர்கள். விஞ்ஞானிகளுக்கு நாக்குத் தள்ளுகிறது, காணிகள் மட்டும் களைப்பே இல்லாமல் ஏறுகிறார்கள். கவனித்தால், நடுவே நடுவே ஏதோ ஒரு காயைப் பறித்து வாயில் போட்டுக்கொள்கிறார்கள். கெஞ்சிக் கேட்ட பிறகு செடியைக் காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை.

பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. 1995இல் தயாரிப்பு உரிமை கோவை ஆரிய வைத்திய பார்மஸிக்கு 10 லட்சம் ரூபாய்க்கும் ராயல்டிக்கும் கொடுக்கப்பட்டது. அதில் பாதி காணிகளுக்கு என்று முடிவு செய்தார்கள். 1997இல் காணிகளுக்காக ஒரு அறக்கட்டளை, 1999இல் ஐந்து லட்சத்துச் சொச்சம் அதன் கணக்குக்கு வந்தது. இலை காட்டியவருக்குப் பங்கு கொடுத்த முன்னோடி என்று உலகம் முழுக்கப் பேசினார்கள்.

ஆனால் கதை அவ்வளவு சுபமாக முடியவில்லை. காணிகளின் வைத்தியர்களான பிளாத்திகள் சிலர், 'இது எங்கள் தெய்வச் சொத்து, விற்க இவர்கள் யார்?' என்று எதிர்த்தார்கள். வழிகாட்டிய இளைஞர்கள் இரண்டொருவர். அறிவு ஒரு கூட்டத்துக்கே சொந்தம். கூட்டத்தின் சார்பில் சரி என்று சொல்லும் உரிமை யாருக்கு? செடியைப் பயிர் செய்வதிலும் பறிப்பதிலும் வனத்துறையோடு சிக்கல் வந்தது. காட்டில் வாழ்ந்தவர்களுக்கே அந்தச் செடியின்மேல் உரிமை தெளிவாக இல்லை.

வேம்புக்கு ஐரோப்பாவில் கொடுத்த காப்புரிமை 2000இல் ரத்தாகி, 2005இல் மேல்முறையீடும் தள்ளுபடியானது நினைவிருக்கும். மஞ்சள் மேல் அமெரிக்கா கொடுத்த காப்புரிமையை 1997இலேயே உடைத்தோம். 'இது ஏற்கெனவே எங்கள் நூல்களில் இருக்கிறது' என்பதுதான் நமக்கு ஆயுதம். ஆனால் அந்த ஆயுதத்துக்கு இன்னொரு முனையும் உண்டு. பல்லுயிர்ச் சட்டம் 2002இல் வந்தது. மக்களின் அறிவை வைத்து லாபம் பார்ப்பவர்கள் அந்த மக்களுக்கும் பங்கு தர வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. 2023இல் அதைத் திருத்தி, நூல்களில் எழுதி வைக்கப்பட்ட பாரம்பரிய அறிவைப் பயன்படுத்துபவர்களுக்குச் சில கடமைகளிலிருந்து விலக்குக் கொடுத்துவிட்டார்கள். கரிசலாங்கண்ணியும் கீழாநெல்லியும் சித்த மருத்துவ நூல்களில் இருக்கின்றன. ஆகவே களை எடுக்கும் பெண்ணுக்குச் சட்டப்படி பலரும் ஒன்றும் தர வேண்டியதில்லை. சட்டம் முடிகிற இந்த இடத்தில்தான் அறம் ஆரம்பிக்கிறது.

* * *

காரில் வந்து பை பையாகப் பறிப்பவர்களை இத்தனை நேரம் பேசிவிட்டோம். நியாயமாகப் பார்த்தால், வரப்புக் கீரையை அதிகமாகக் காலி செய்தது அவர்கள் இல்லை. களைக்கொல்லி.

கழனிக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. களை எடுக்க ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கூலி கட்டுபடியாகவில்லை. ஒரு ஆள், ஒரு தெளிப்பான், அரை நாளில் வேலை முடிந்தது. அவர் கணக்கில் லாபம். ஆனால் அந்த அரை நாளில் எது எது போயிற்று என்று எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. மடிக் கீரை போயிற்று. கூடவே வந்து கற்றுக்கொண்ட சின்னப் பெண்ணின் பள்ளிக்கூடம் போயிற்று. மிஞ்சி நிற்கிற கீரையையும் மருந்தடித்த வரப்பு என்றால் நம்பித் தின்ன முடியாது. விதைத்தது ஒரு மூட்டை குறைந்தால் மனு கொடுக்கலாம், நிவாரணம் கேட்கலாம். விதைக்காதது மொத்தமாக அழிந்தாலும் கேட்க ஆளில்லை.

நாமும் சும்மா இல்லை. டெங்கு பரவிய 2012இல் தமிழக அரசு நிலவேம்புக் குடிநீர் கொடுக்க ஆரம்பித்தது. கொரோனா வந்த 2020இல் கபசுரக் குடிநீர். ஊரே நாட்டு மருந்துக் கடைகளில் வரிசை கட்டி நின்றது. ஒரு செடியின் பெயர் பத்திரிகையிலோ டி.வி.யிலோ வந்துவிட்டால் போதும், நுனி கிள்ளுகிற பேச்சே கிடையாது, வேரோடு பிடுங்கி லாரியில் ஏற்றிவிடுவார்கள். நன்னாரி மாதிரி வேரே மருந்தான செடிகளுக்கு இன்னும் ஆபத்து.

விதைக்காதவருக்கும் வயலில் பங்கு உண்டு என்று யோசித்த சமூகங்கள் இருந்திருக்கின்றன. அறுவடையின்போது வயலின் ஓரத்தை ஒட்ட அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே, ஏழைக்கும் வழிப்போக்கனுக்கும் விட்டுவிடு என்கிறது பைபிளின் பழைய ஏற்பாடு. புதுச்சேரியை நெடுங்காலம் ஆண்ட பிரான்ஸிலேயே, அறுவடை முடிந்த வயலில் ஏழைகள் கதிர் பொறுக்கலாம் என்று 1554இல் அரசாணை போட்டிருக்கிறார்கள். அந்த நாட்டு இயக்குநர் ஆக்னெஸ் வார்தா 2000ஆம் ஆண்டில் எடுத்த ஆவணப்படத்தில், மார்க்கெட் மிச்சங்களையும் தோட்டத்து உருளைக்கிழங்கையும் பொறுக்குகிறவர்களைத் தேடித் தேடிப் போகிறார். அவர்களில் பசிக்காகக் குனிகிறவரும் உண்டு, கொள்கைக்காகக் குனிகிறவரும் உண்டு. நம் ஊரில் அதற்கு ஆணை எதுவும் தேவைப்பட்டதில்லை. 'கீரைக்கு யாராவது கணக்குப் பார்ப்பாங்களா?' என்ற ஒரு வாக்கியமே சட்டமாக இருந்தது.

அந்தச் சட்டம் செல்லுபடியானதற்குக் காரணம், பறிக்கிறவளையும் நிலத்துக்காரரையும் ஒரே ஊர் கட்டிப்போட்டிருந்தது. அளவு மீறினால் நாளைக்கு முகத்தில் முழிக்க வேண்டும். வெளியிலிருந்து வருகிற நமக்கு அந்தக் கட்டு கிடையாது. அதனால் நாமே ஒன்றைப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நண்பருக்கு நான் சொன்ன பதில் இதுதான். கீரை யாருக்கும் சொந்தமில்லை என்று நீ சொன்னது சரி. ஆனால் சொந்தமில்லாத பொருளை எடுப்பவன், சொந்தக்காரரிடம் வாங்குபவனைவிடப் பெரிய கடனாளி. கடைக்காரருக்குக் காசு கொடுத்தால் கணக்கு முடிந்தது. இங்கே யாரிடம் கொடுத்துக் கணக்கை முடிப்பாய்? முடிக்க முடியாத கடனை அடைக்கும் வழி, அந்தப் பொருள் தொடர்ந்து இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான். பறிப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேள். ஒரு வேளைக்கு மேல் பறிக்காதே. வேரை விடு. தெரியாத இலையைத் தொட்டுப் பார், தின்று பார்க்காதே. யார் காட்டிக் கொடுத்தார்களோ அவர்கள் பெயரைச் சொல்லு. அடுத்த மாதம் வரப்பில் மருந்தடிக்காமல் நாலு முழம் விட்டுவைக்க அந்தக் கழனிக்காரர் சம்மதித்தால், உன் கோஷ்டி அதற்கு ஏதாவது கொடுக்க முடியுமா என்று பார்.

"சரிப்பா, ஆனா இலை காட்டிக் கொடுக்க ஆள் வேணுமே?" என்றார்.

ஆள் அங்கேயேதான் இருக்கிறார்கள். களை எடுத்த கைகள் இப்போது நூறு நாள் வேலையிலும் கட்டட வேலையிலும் இருக்கின்றன. அறுபது எழுபது வயதில் திண்ணையில் உட்கார்ந்திருக்கின்றன. அவர்களில் ஒருவரை முன்னால் நடக்கச் சொல்லி, பின்னால் நாம் நடக்கலாம். அந்த ஆயாவுக்குப் பேத்தி இருந்தால் அவளையும் அழைத்துக்கொள்ளலாம். தன் பாட்டி பேசுவதைப் படித்தவர்கள் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வதை அவள் பார்க்க வேண்டும்.

உங்கள் ஊரிலும் இப்படி மூலிகை நடை என்று யாராவது கூப்பிடலாம். தாராளமாகப் போங்கள். பணம் கட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். முன்னால் நடந்து இலையைக் காட்டப் போவது யார், நான் கட்டுகிற காசில் அவருக்கு எவ்வளவு?